வரைபடத்தில் விடுபட்ட புள்ளிகள்

போர்ட் பிளேரில் புவியியல் ஆசிரியராக இருந்தபோது, அந்தமானை விட்டுவிட்டு இந்திய வரைபடம் வரையும் மாணவர்களுக்கு இரக்கமில்லாமல் மதிப்பெண் குறைப்பேன். மஸ்கட்டில் ஒரு சர்வதேசப் பள்ளி வேலைக்காக, அங்கே டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்தே வீடியோவில் மாதிரி வகுப்பு எடுத்தேன். பலகையில் இந்தியாவை வரைந்து பருவக்காற்றை விளக்கினேன். பாராட்டினார்கள். பேசி முடித்ததும், கதவோரம் நின்றிருந்த என் மகள் கேட்டாள்:

"அரே, அப்பா! மேப்ல நம்ம ஐலண்டே இல்லையே?"

கன்னியாகுமரியோடு கையை எடுத்திருந்தேன்.

"அவங்க யாரும் கேக்கலையேம்மா," என்றேன்.

வேலை கிடைத்தது. குடும்பத்தோடு மஸ்கட் வந்துவிட்டோம். இங்கே வரைபடத்தைத் தீவுகளிலிருந்துதான் தொடங்குகிறேன். முதல் நாளே ஒரு மாணவி, கறை என்று நினைத்து அந்தப் புள்ளிகளைத் துடைத்துவிட்டாள். திட்ட வாய் வரவில்லை. அவளுக்காவது அது ஓர் ஊர் என்று தெரியாது.