கணக்கப்பிள்ளையோடு வந்த ஆராய்ச்சி

எங்கள் லயத்து வரிசை வீடும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான் என்று இன்று நான் அவளிடம் சொல்லவில்லை.

றக்வான பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவள் தோட்டத் தொழிலாளர் வீடுகளைப் பற்றிச் சமூகவியலில் முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். முன் சீட்டில் அவளுடைய பல்கலைக்கழக நண்பர்கள் இருவர். ஒருவனுக்கு ஆய்வு மண், மற்றவனுக்குத் தவளை.

“மண்ணும் தவளையும் பொய் சொல்லாது, நங்கி,” என்று தங்கையை அழைப்பதுபோல் சிங்களத்தில் சொன்னாள். “எனக்குத்தான் எந்த வீட்டுலயும் ஒரு குறையும் இல்லைன்னு சொல்றாங்க. இன்னைக்கும் அப்படின்னா தலைப்பை மாத்தணும்னு பேராசிரியர் சொல்லிட்டார்.”

“தனியாவா போறீங்க, அக்கா?”

“இல்ல. தோட்டத்து துரை நல்லவர். கூடவே கணக்கப்பிள்ளையை அனுப்புறார்.”

வேலை பிரித்துக் கொடுப்பவரை வாசலில் வைத்துக்கொண்டு யார் குறை சொல்வார்கள்? அதையும் நான் சொல்லவில்லை. அப்பாவுக்கு நாளைக்கும் அவரிடம்தான் வேலை.

மத்தியானம் கொட்டும் மழையில் அவளும் கணக்கப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஒழுகும் இடத்தில் வைத்திருந்த சட்டியை அம்மா அவசரமாகக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

“கூரை ஒழுகுமா?” என்று அவள் கேட்டாள்.

“அதெல்லாம் இல்லீங்க. தொர நல்லா பாத்துக்கிறாரு,” என்றார் அம்மா.

கணக்கப்பிள்ளை தன் தோளில் விழுந்த சொட்டைத் துடைத்துக்கொண்டார். குனிந்து எழுதிக்கொண்டிருந்தவள் அதைக் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது என்னைத்தான் பார்த்தாள். நான் தேத்தண்ணி எடுக்கப் போனேன்.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? கணக்கப்பிள்ளை இணையத்துக்கு வருவதில்லை, தைரியமாகப் பின்னூட்டத்தில் எழுதலாம்.

மாலையில் பஸ்ஸுக்கு நின்றபடியே அவள் பேராசிரியருக்குப் போன் செய்து தலைப்பை மாற்றிக்கொண்டாள்.