சாய்தளத்துக்கு ஒரு பூட்டு

கல்லூரியில் கலவரம் நடந்த அன்று நான் ஆசிரியர் அறையில் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயது, தொண்ணூறு கிலோ. எந்தப் பீரோவும் என்னை முழுதாக மறைக்காது. தொப்பை வெளியே தெரிந்தது. சத்தம் கேட்டு யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் போனை ஊமையாக்கி வைத்திருந்தேன். அது பேன்ட் பையில் விட்டு விட்டு அதிர்ந்தது. அதே பையில் ஒரு சாவியும் இருந்தது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு எனக்கு உறைக்க இருபது நிமிடம் ஆயிற்று. வணிகவியல் பேராசிரியருக்கு அது கொஞ்சம் ஜாஸ்திதான்.

அழைத்தது எங்கள் நூலகர். ஆம்பூர்க்காரர், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவரின் மகள். சிறு வயதிலேயே இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டியைத் தானே ஓட்டி வருவார். நூலக வாசலில் சக்கர நாற்காலிக்குத் தானே மாறிக்கொள்வார். உதவப் போனால் ஒரு பார்வை பார்ப்பார். நீட்டிய கை தானாகத் திரும்பிவிடும். முன்பு வேலை செய்த இடத்தில் படியேற இரண்டு பேர் அவரைத் தூக்கிப் போவார்களாம். "மூட்டையாட்டம் தூக்குவாங்க சார். ஒருநாள் ஒருத்தன் லீவு. நான் வாசல்லயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வீட்டுக்குப் போய்ட்டேன்" என்று ஒருமுறை சொன்னார். எங்கள் நூலகத்தில் சாய்தளம் இருக்கிறது என்பதற்காகவே இங்கே வந்தவர். இனி யாரும் தன்னைத் தூக்கக் கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தச் சாய்தளத்தில் பையன்கள் பைக் நிறுத்தினார்கள். உடனே எங்கள் சம வாய்ப்புக் குழு கூடியது. ஒருங்கிணைப்பாளர் நான். விழா மேடைகளில் நாலு பேரைச் சிரிக்க வைப்பேன் என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. சாய்தளத்தின் அடியில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டுவது, சாவி என்னிடம் இருப்பது, தேவைப்படுகிறவர்கள் எனக்குப் போன் செய்வது என்று முடிவெடுத்தோம். தேவைப்படுகிற ஒரே ஆள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "நான் உள்ள இருக்கும்போது பூட்டாதீங்க சார். எதுனா ஒண்ணுன்னா நான் எப்படி இறங்குவேன்?" என்றார். உங்களுக்கு வாட்ச்மேனாக ஒரு பேராசிரியரையே போட்டிருக்கிறோமே என்றேன். குழு சிரித்தது. தீர்மானத்தில் அவர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. மற்ற எல்லாரிடமும் நான் வாங்கிவிட்டேன். அதன் பிறகு காலையில் திறப்பேன், அவர் ஏறியதும் பூட்டுவேன், மாலையில் மறுபடி திறப்பேன். டீ குடித்துவிட்டு நான் தாமதமாக வரும் நாட்களில் கேட்டுக்கு உள்ளே காத்திருப்பார். பழகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைய சண்டை கேன்டீனில், பஸ் சீட்டுக்காக, இரண்டு ஊர்ப் பையன்களுக்கு இடையில் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் ஆயுதம் தேடி அலைய வேண்டாம், இடுப்பிலேயே இருக்கிறது. ஏற்றுமதியில் கழித்துப்போட்ட தடித்த தோல் பெல்ட், முனையில் பித்தளை பக்கிள். உருவி, கையில் ஒரு சுற்றுச் சுற்றி வீசினால் மண்டை பிளக்கும். ஒரு கூட்டம் நூலகத்துக்குள் ஓடியது, மற்றது துரத்தியது. கண்ணாடி அலமாரிகள் நொறுங்கின. படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து படிகளில் இறங்கித் தப்பினார்கள். நூலகர் சாய்தளத்தில் இறங்கினார். கீழே பூட்டு.

மீதியைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். என்னை ஆறு முறை அழைத்திருக்கிறார். பிறகு நாற்காலியின் இரும்புக் கால்தாங்கியைக் கழற்றிப் பூட்டை அடிக்க ஆரம்பித்திருக்கிறார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் ஒழுகியும் நிறுத்தவில்லை. அதற்குள் சண்டை சாய்தளத்துக்கு வந்துவிட்டது. அடி வாங்கிய ஒருவன் அவர் மடியில் வந்து விழுந்தான். அவனுக்கு ஓங்கிய பக்கிள் இவர் முகத்தில் இறங்கிப் புருவம் பிளந்தது. அடுத்த வீச்சில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். வருஷக்கணக்காகச் சக்கரம் தள்ளிய கை, விடவில்லை. இழுத்த இழுப்பில் அடித்தவன் கேட் கம்பியில் மோதிப் பல்லை உடைத்துக்கொண்டான். நாற்காலி கவிழ்ந்து இவருக்குத் தோள் எலும்பு முறிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் வந்திருந்தது, பையன்கள் ஓடியிருந்தார்கள். சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. அவர் அடித்ததில் துவாரம் நசுங்கியிருந்தது, பூட்டு மட்டும் உடையவில்லை. கடையில் இருந்ததிலேயே உறுதியானதாகப் பார்த்து வாங்கியவன் நான். மேலே படிவழியைக் கவிழ்ந்த அலமாரிகள் அடைத்திருந்தன. கடைசியில் இரண்டு போலீஸ்காரர்கள் அவரைக் கேட்டுக்கு மேலாகத் தூக்க, நான் கால்களைப் பிடித்தேன். முறிந்த தோளுக்குச் சத்தம் போடாதவர், "தூக்காதீங்க சார்" என்றார். தூக்கினோம்.

இப்போது அந்தக் கேட் இல்லை. நூலகரும் இல்லை, குணமானதும் வேறு ஊருக்குப் போய்விட்டார். சாய்தளத்தில் மறுபடி பைக்குகள் நிற்கின்றன. நான் இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறேன், ஆனால் கூட்டங்களில் ஜோக் அடிப்பதில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள்.

அவர் வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பழக்கூடையோடு பார்க்கப் போனேன். பூட்டின் தரத்தைப் பற்றி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஜோக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேச்சை மாற்ற, அந்தப் பையனை நீக்கிவிட்டோம், மிருகம்போல அடித்திருக்கிறானே என்றேன். தையல் போட்ட புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "அவன் யாரை அடிக்கிறோம்னே தெரியாம அடிச்சான் சார். நீங்க கூட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி, தெரிஞ்சே பூட்டுனீங்க."