மோடத்துக்குப் பார்த்த வரன்

அந்தக் கல்யாணத் தரகரைத் தெருவே ‘பொருத்தம்’ என்று கூப்பிட்டது. கேலியாக ஆரம்பித்த பெயர்தான். அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, பலகையில் எழுதி வீட்டு வாசலில் மாட்டிவிட்டார். இவனுக்கும் அவளுக்கும் ஒத்துவராது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். பொருத்தத்துக்கு அத்தனை தேவைப்படாது. நாலைந்து பொய்யிலேயே மாலை மாற்ற வைத்துவிடுவார்.

அந்தத் திறமைக்கு முதலில் ஆட்பட்டவர் அவர் மனைவி. தனக்குத் தானே தரகு பேசிப் பெண் கேட்கப் போன அன்று, சினிமா தியேட்டரில் மேனேஜர் என்று அடித்துவிட்டிருந்தார். கல்யாணமான கையோடு படம் பார்க்கப் போன அம்மாள், கதவருகே நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த மேனேஜரைப் பார்த்தார். டிக்கெட்டை நீட்டி, கிழித்த பாதியை வாங்கிக்கொண்டு, உள்ளே போய் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வந்தார். அதன்பிறகு வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் ‘மேனேஜர்’ என்ற சொல் ஒரு தடவையாவது வராமல் இருக்காது.

வீட்டில் வெளிச்சமுள்ள அறை முன்னறை ஒன்றுதான். அதன் ஜன்னலோரத்தில் பொருத்தத்தின் மேஜை, அதன்மேல் பெருத்த தொந்தியோடு ஒரு பழைய கம்ப்யூட்டர். வரன்களின் விவரமெல்லாம் அதற்குள்தான். பொருத்தம் பார்க்கும் புரோகிராம் புதிய கம்ப்யூட்டர் எதிலும் ஓடாது. அம்மாளின் தையல் மெஷின் சமையலறைக்குப் பின்னால், இருட்டு மூலையில் கிடந்தது. ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் அவர் எழுந்து வாசலுக்கு வரவேண்டும். அந்த ஜன்னல்மேல் அவருக்கு வெகுநாளாகவே ஒரு கண்.

இந்த நேரத்தில் டெலிபோன் கம்பெனி, இன்டர்நெட்டுக்காகக் கொடுத்திருந்த பழைய மோடத்தை எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்றைக் கொடுத்தது. மாட்ட வந்த ஆள் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

“சார், இந்த மோடமும் இந்த கம்ப்யூட்டரும் ஒத்தே வராது. டப்பாவிலேயே போட்டிருக்கான் பாருங்க.”

யார் வீட்டில் வந்து என்ன பேச்சு! “ஒத்துவராதா? அதை நான் சொல்லணும்ப்பா. நீ கிளம்பு” என்றார் பொருத்தம்.

அம்மாள் அப்போதே இன்ச் டேப்போடு வந்து நின்றார். “இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அது மோடத்தோட பேசலேன்னா பழைய சாமான்காரரை வரச் சொல்லிடுவேன். ரூம் எனக்கு.”

“பேசிடுச்சுன்னா?”

“ஜன்னலைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். போதுமா?”

கம்ப்யூட்டர் போய்விட்டால் தொழிலே போய்விடும். பொருத்தம் உட்கார்ந்தார். மோடத்தோடு வந்த சிடியைப் போட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் வெளியே துப்பிவிட்டது. பிறகு, ‘வந்திருப்பது யார்?’ என்கிற மாதிரி கேட்டு, தனக்குத் தெரிந்த மோடங்களின் பெயர்களை வரிசையாகக் காட்டியது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. குலம் கோத்திரம் தெரியாத மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல குடும்பத்தைத் தேடி ஒட்டவைப்பதுதானே அவர் தொழில்! வரிசையில் இருந்ததிலேயே பெரிய கம்பெனி, பெரிய வேகம் எதுவோ அந்தப் பெயரைச் சொல்லி அமுக்கினார்.

திரை முழுக்க நீலமாகி உறைந்துபோனது. அணைத்துப் போட்டு, இன்னொரு பெரிய இடத்துப் பெயரைச் சொன்னார். மறுபடியும் நீலம்.

அம்மாள் ஜன்னலை அளந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். “என்னங்க, அதுகிட்டயும் மேனேஜர்னு சொல்லிட்டீங்களா?”

பொருத்தத்துக்குச் சுரீர் என்றது. கூடவே விஷயமும் விளங்கிவிட்டது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? வரிசையின் அடிமட்டத்துக்குப் போனார். கம்பெனிப் பெயர்கூட இல்லாமல், வெறும் ‘சாதாரண மோடம்’ என்று ஒன்று, குறைந்த வேகத்தோடு, யாரும் சீண்டாமல் கிடந்தது. அதை அமுக்கினார்.

திரை யோசித்தது. ‘இது இந்தக் கம்ப்யூட்டருக்குப் பொருந்தும் என்று உறுதியாகவில்லை. இருந்தாலும் தொடரவா?’ என்று கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ என்றார். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. வெளியூர் மாப்பிள்ளை ஒருவனின் போட்டோ ஆடி அசைந்து இறங்கியது. முதலில் தலைமுடி, ரொம்ப நேரம் கழித்து நெற்றி, பொழுது சாய்வதற்குள் மீசை.

“பார்த்தியா! பேசிடுச்சு!” என்று பொருத்தம் குதித்தார். அம்மாள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். சொன்ன சொல்படி ஜன்னலைப் பற்றி மூச்சு விடவில்லை. ஜெயித்த சந்தோஷம் பொருத்தத்துக்குச் சாப்பாடு வரைக்கும்கூட நிற்கவில்லை.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டார். அதே கேள்வி: ‘இருந்தாலும் தொடரவா?’

“நேத்துதானே சொன்னேன்! தினம் தினம் கேக்குமாட்டம் இருக்கே. பெரிய ரோதனையாப் போச்சு!”

டீ கொண்டுவந்த அம்மாள் திரையை நிதானமாகப் படித்தார். “இது பரவாயில்லையே, கேக்கவாவது கேக்குது. நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து தினமும் காலையில எழுந்து இந்த பட்டனைத்தான் அமுக்கிட்டிருக்கேன். என்னை யாரு கேட்டா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பொருத்தத்தால் சிரிக்க முடியவில்லை. ஊரெல்லாம் போய்ப் பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்ட மனுஷன், இவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக இவள் தன்னோடு இருப்பதே பெரிய கொடுப்பினை என்று தோன்றியது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, மேஜையைத் தம் கட்டி அறையின் மறுகோடிக்கு நகர்த்தினார். வேர்த்து விறுவிறுத்து வந்து மனைவி முன்னால் நின்றார்.

“இருந்தாலும்... தொடரலாமா?”

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஜன்னலைப் பத்தி நான் வாய் திறக்கக் கூடாது. நீங்க மெஷினைத் தூக்கிட்டு வாங்க, மேனேஜர். எங்க வைக்கணும்னு கையால காட்டுறேன்.”