பலகைக்கு அந்தப்பக்கம்

இஸ்திரிக்கடை அக்காவும் அவள் புருஷனும் சண்டை போட்டால் தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வார்த்தை பிடிபடாது. அவர்கள் வீட்டுப் பாஷை தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். மற்றவர்களுக்கு ஒரே 'க'வாகக் கேட்பது அந்தப் பாஷையில் இரண்டு தனித்தனிச் சத்தம். ஒன்று வாயில் பிறக்கும், இன்னொன்று அடித்தொண்டையில். கோபம் ஏற ஏற அவனுக்குத் தொண்டைச் சத்தம்தான் கூடும். காறித் துப்புகிறான் என்றே பலர் நினைத்தார்கள்.

அவன் செத்த பிறகு கடை ஊமையாகிவிட்டது. வருகிறவர்களிடம் தெருவின் பாஷையில் பேசினாள். சொந்தப் பாஷையில் திட்டு வாங்கத்தான் நாதியில்லை. அன்று வேப்பங்காயாகக் கசந்த வசவெல்லாம் இப்போது நினைக்க நினைக்க இனித்தது.

ஒருநாள் மத்தியானம் அந்த நினைப்பிலேயே பெட்டியைச் சட்டைமேல் வைத்தபடி நின்றுவிட்டாள். காலர் தீய்ந்து புகைந்தது. பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து, அவள் வீட்டுப் பாஷையிலேயே ஒரு குரல் கத்தியது.

"மரமண்டை! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

அவன் திட்டும் அதே திட்டு! பக்கத்துத் தையல்காரர்தான். அர்த்தம் தெரியாது அவருக்கு; தீய்ந்த வாடை வந்தால் இந்தச் சத்தம் வரும் என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் மனப்பாடம்.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அண்ணே, அந்த 'க' வாயில இல்ல, அடித்தொண்டையில வரணும்."

"ஏதோ பழக்கத்துல வந்துருச்சும்மா, மன்னிச்சுக்க."

"மன்னிப்பு கெடக்கட்டும்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு தடவை திட்டுங்க."