லட்சுமம்மாவின் கூடை

மார்க்கெட்டில் கேட் பக்கத்து மூலை இனி லட்சுமம்மாவுக்குத்தானாம். முட்டைக்கடை மைக்கேல்ராஜ் சொன்னார்; அவருக்கு டீக்கடையில் யாரோ சொன்னார்களாம்.

"கமிட்டியில முடிவாயிடுச்சாம் யசோதம்மா. அந்தம்மாதான் மீட்டிங்ல கன்னடத்துல வெளுத்து வாங்குதே!"

யசோதா கையிலிருந்த கீரைக்கட்டைப் பொத்தென்று போட்டாள்.

பெங்களூர் காக்ஸ் டவுன் ஓரத்திலிருந்த அந்தச் சின்ன மார்க்கெட்டை எல்லோரும் கைகழுவியிருந்தார்கள். கூரை பொத்தல், சாக்கடைத் தேக்கம்; வாடிக்கையெல்லாம் ஃபோனில் காய்கறி வாங்கப் போய்விட்டது. போன வருஷம் ரிச்சர்ட்ஸ் டவுன் லவினா டீச்சர் தெருக்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக் கமிட்டி போட்டாள்; வியாபாரிகளும் கூடவே இறங்கினார்கள். சாக்கடையைத் தோண்டினார்கள், கூரையை மாற்றினார்கள். இனி தரையில் மஞ்சள் பெயிண்டால் நம்பர் போட்டு, அவரவர் இடம் அவரவர் பேருக்கு. எல்லாம் மார்க்கெட்காரர்களே உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. யசோதா ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை. போனால் லட்சுமம்மா பேசுவதையல்லவா கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும்!

அடுகோடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து இருபத்திரண்டு வருஷமாகக் கீரை விற்கிறாள் யசோதா. லட்சுமம்மா வந்து பன்னிரண்டு வருஷம்தான். நாலு கட்டுக் கீரையோடு வெயிலில் நின்றவளை, "வா, இங்க குந்து" என்று தன் சாக்கில் பாதியை விரித்துக் கொடுத்ததே யசோதாதான். குந்தினவள் பிறகு எழுந்திருக்கவேயில்லை. காரில் வருகிறவர்களெல்லாம் கண்ணாடியை இறக்கி "லட்சுமம்மா!" என்றுதான் கூப்பிட்டார்கள். இருவருக்கும் ஒரே இடத்துக் கீரை. அவளுடையது பத்து மணிக்குக் காலி. யசோதாவுடையது உச்சிவெயிலில் துவண்டு கிடக்கும். ரோட்டைத் தாண்டிப் போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்து வந்து, தெளித்துத் தெளித்து அதற்கு உயிர் கொடுப்பாள். கமிட்டி அடித்த போஸ்டரிலும் லட்சுமம்மாதான் சிரித்தாள். ஓரத்தில் தெரிந்த முழங்கை மட்டும் யசோதாவுடையது.

திங்கட்கிழமை, மகளுக்குப் பிரசவம் என்று லட்சுமம்மா கோலாருக்குக் கிளம்பினாள். கூடையைக் கவிழ்த்து வைத்து, "யசோதக்கா, என் ஜாகாவைப் பாத்துக்கோ" என்றாள். அந்த மார்க்கெட்டில் அது போதும். கூடை கவிழ்ந்திருந்தால் ஆள் திரும்பி வரும், இடம் அவர்களுடையதுதான். பக்கத்துக்காரியின் வாய்ச்சொல்தான் சாட்சி. கமிட்டியும் அதையே விதியாக எழுதிக்கொண்டது.

புதன்கிழமை காலை லவினா நோட்டோடு வந்தாள். பின்னால் பெயிண்ட் டப்பாவோடு ஓர் ஆள். பதினாலு, யசோதா. ஆயிற்று.

"பதினஞ்சு... லட்சுமம்மா எங்கக்கா? கூடையும் காணோமே?"

விடிந்ததுமே அந்தக் கூடையை நிமிர்த்தி, தன் அரைக்கீரையை அதில் அடுக்கியிருந்தாள் யசோதா.

"அவ இனிமே வரமாட்டா டீச்சர். மகளோடயே இருந்துக்கறாளாம்."

"அய்யோ, நிஜமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"ஏன், உங்ககிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் போகணுமா?"

லவினாவின் முகம் சுண்டிப்போயிற்று. பெயரை அடித்தாள். "சரி, ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கற தேங்காய்க்காரருக்குக் கொடுத்துடலாம்." பெயிண்ட்காரன் குனிந்து பதினைந்தை எழுத ஆரம்பித்தான்.

யசோதாவுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப அந்த கேட் மூலை? அது இனி யாருக்கு?"

"மூலையா? அது யாருக்குமே இல்லக்கா. அங்க தண்ணிக்குழாய் வருது. மூணு மீட்டிங்கா லட்சுமம்மா விடாம சண்டை போட்டு வாங்கினாங்க. 'எங்க யசோதக்கா குடத்தைத் தூக்கிட்டு பஸ்ஸுக்கு நடுவுல ஓடறா, ஒருநாள் அடிபட்டுச் சாவா'ன்னு. உங்களுக்குத் தெரியாதா?"

லவினா பதினாறுக்கு நகர்ந்துவிட்டாள்.

யசோதாவுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இதிலும் அவளே பேர் வாங்கிக்கொண்டாளே! அதற்குப் பிறகுதான் கூடை கண்ணில் பட்டது.

இடுப்புப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். லட்சுமம்மா. குழந்தை பிறந்திருக்கும். இல்லாவிட்டால், நம்பர் போட்டாச்சா என்று கேட்பாள்.

"யசோதம்மா, ஃபோனு!" என்றார் மைக்கேல்ராஜ்.

தரையில் பெயிண்ட் இன்னும் ஈரமாகத்தான் மினுங்கியது. லவினா பதினெட்டில் நின்றிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் திரும்புவாள். யசோதா கூடையிலிருந்து ஒரு கட்டை எடுத்து வெளியே வைத்தாள். அடுத்த கட்டின்மேல் வைத்த கை அப்படியே நின்றது. ஃபோன் அடித்துக்கொண்டேயிருந்தது.