வெங்காயக் கடையில் ஒரு கைக்குழந்தை

"...அந்தப் பதினாறுல ஒரு எட்டை நீங்க வளக்குறீங்களா அண்ணே?" என்று பக்கத்துக் கீரைக்கடை செல்வி கேட்டதும், காந்தி மார்க்கெட்டில் எங்கள் வரிசையே சிரித்தது.

தப்பு என்னுடையதுதான். நிறையப் பிள்ளை பெறச் சொல்லி ஒரு கல்யாண மேடையில் தலைவர் ஒருவர் பேசியது அன்றைய பேப்பரில் வந்திருந்தது. எனக்கோ பழமொழி என்றால் உயிர். "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழணும்! அரசாங்கம் எதுக்குக் கருத்தடைக்குன்னு இலவசமா காப்பர்-டி போடணும்? குடும்பத்துக்குள்ள அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று வெங்காயம் நிறுத்தபடியே முழங்கினேன்.

அந்தக் காப்பர்-டியைப் போட்டுக்கொள்ளத்தான் செல்வி அன்று அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தாள். "அண்ணன் சொல்றதும் நியாயந்தானே, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று அவள் புருஷன் பின்வாங்கினான்.

"மூணாவதும் வந்துட்டா கடைய யாரு பாப்பா? அரசாங்கம் போட்டாத்தான் எனக்கு உண்டு. வெளியில போட நமக்கு வசதி ஏது?" என்று அவனிடம் சொன்ன செல்வி, என் பக்கம் திரும்பித்தான் அந்த எட்டுக் கணக்கைக் கேட்டாள்.

கூப்பிடாமல் அவர்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

செல்வி கைக்குழந்தையை என் மடியில் போட்டாள். மூத்தவளை வெங்காய மூட்டைமேல் உட்கார வைத்தாள். "மொதல்ல ரெண்டைப் பாத்துக்கங்கண்ணே, போயிட்டு வரேன்" என்று புருஷனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.