செசிலியா அக்காவின் வாளிக் கணக்கு

கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது செசிலியா அக்காவின் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு நகரும். பல வருடங்களாக அவருக்குப் பின்வரிசையில் உட்கார்கிறேன். ஜெபமாலை சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாமியாரிடம் மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கு முப்பத்தோரு 'ஆகவே', சாமி. போன வாரத்துக்கு நாலு குறைச்சல்." சாமியார் சிரித்தார். அடுத்த வாரம் ஒவ்வொரு 'ஆகவே'வுக்கு முன்னும் எச்சில் விழுங்கினார்.

பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தரம் பார்த்தவர் அக்கா. நெளிந்த மூடி வந்தால் ஒரு கோடு. நான்கு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். வேலையை விட்ட பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

மாசாயில் எங்கள் பிளாட்டுக்கு ஒரே லிஃப்ட். நினைத்தால் ஓடும். எட்டாவது மாடியில் இருக்கும் அக்காவின் வீட்டுக்காரர் அமலநாதனுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டும். லிஃப்ட் படுத்த நாளில் நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். பொந்தியானில் இருக்கும் மகள் ஆட்ரி, எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று நச்சரித்தாள். அமலநாதனுக்கு மனமில்லை. அரசாங்கம் புது லிஃப்ட் போடும் கட்டடங்களின் பட்டியலில் எங்கள் பெயர் ஏறாவிட்டால் போவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் மனோகரன் ஒவ்வொரு வீட்டுக்கும் நிரப்பித் தர ஒரு பாரம் கொடுத்தார். போன வருடம் எத்தனை நாள் லிஃப்ட் கெட்டது என்று எழுத வேண்டும். "கொஞ்சம் கூட்டியே எழுதுங்க லா, அப்பதான் மேல கேப்பாங்க" என்றும் சொல்லி வைத்தார். பிறகு பத்து மாடி கணக்கையும் ஒன்றாகக் கூட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பட்டியல் போடும் அதிகாரி ஹேமநாதன் நேரில் வந்தார். பாரக் கட்டைப் புரட்டினார்.

"தலைவரே, வருஷத்துக்கு முன்னூத்தி அறுபத்தஞ்சு நாள்தான். உங்க லிஃப்ட் ரெண்டாயிரத்து நானூத்தி பன்னெண்டு நாள் கெட்டிருக்கு."

மனோகரன் கூரையைப் பார்த்தார். இனி தினமும் காலையில் நானே லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பார்த்து எழுதுகிறேன் என்றார் அக்கா. அது உங்கள் வாய்ச்சொல்தானே, உங்கள் வீட்டிலேயே நோயாளி இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, மூன்று மாதத்தில் நம்பும்படி ஏதாவது கொண்டுவரச் சொன்னார் ஹேமநாதன்.

அக்கா யோசித்தார். காலை ஏழு மணிக்கு ரொட்டி பாய் மோட்டார் சைக்கிளில் விற்க வந்து ஹார்ன் அடிப்பார். லிஃப்ட் ஓடும் நாளில் ரொட்டி வாங்க மாடியிலிருந்து கயிற்றில் இறங்கும் வாளிகள் மூன்றோ நான்கோதான். அவை சோம்பேறிகளின் வாளிகள். லிஃப்ட் படுத்தால் பதினைந்துக்கு மேல். வாளிக்கு வாய் இல்லை, கூட்டிச் சொல்லாது என்றார் அக்கா. மறுநாளே நடைபாதையில் நோட்டோடு உட்கார்ந்தார். தினமும் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்தார்.

யார் என்ன வாங்குகிறார்கள் என்று வேவு பார்ப்பதாகப் பேச்சுக் கிளம்பியது. ஐந்தாம் மாடி லெட்சுமணனுக்கு இனிப்புநீர் நோய். அவர் தேங்காய் ஜாம் வைத்த காயா பன்னின் மேல் துண்டைப் போட்டு மூடி வாளியை ஏற்றினார். துண்டைத் தூக்கிப் பார்த்த அவர் மனைவி செல்லம்தான் அக்காவின் முதல் ஆதரவாளர்.

ஒன்பதாவது வாரம் லிஃப்ட் ஒழுங்காக ஓடியது. வாளிகளோ தினமும் இருபத்தாறு இறங்கின. பாதி வாளிகள் காலியாகவே மேலே போயின. ரொட்டி பாய் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அக்கா மனோகரன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தலைவரே, வாளி விடச் சொன்னது நீங்களா?"

"கேஸுக்கு உதவியா இருக்கட்டும்னுதான்கா."

"வாளிக்கும் பொய் சொல்லக் கத்துக் குடுத்திட்டீங்க."

அந்த வாரம் முழுவதையும் சிவப்பு மையால் அடித்தார் அக்கா. மனோகரன் பதறினார். அடித்தல் இருந்தால் நம்ப மாட்டார்கள், புதுத் தாளில் எழுதிவிடலாம் என்று கெஞ்சினார். கழித்ததை மறைத்தால் நல்ல மூடியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அக்கா மறுத்துவிட்டார். ஓரத்தில், 'இந்த ஏழு நாள் எங்கள் ஆட்கள் வேண்டுமென்றே காலி வாளி இறக்கினார்கள். சேர்க்கவில்லை' என்று எழுதினார்.

மூன்று மாதம் முடிந்து வந்த ஹேமநாதன் அந்தச் சிவப்பு வரியில்தான் அதிக நேரம் நின்றார். அடித்த வாரம் போக எழுபத்தேழு காலையில் இருபத்தொன்பது நாள் லிஃப்ட் ஓடவில்லை. படங்களோடு ஒத்துப் பார்த்தார். பிறகு மனோகரனை ஒரு பார்வை பார்த்தார்.

"பிழையை நீங்களே காட்டிட்டீங்க. மிச்சத்தை நான் நம்புறேன், ஆண்டி" என்று நோட்டை வாங்கிக்கொண்டார்.

இன்று பட்டியலில் எங்கள் கட்டடம் இரண்டாவதாக இருக்கிறது. புது லிஃப்ட் இன்னும் வரவில்லை. பழையது நின்றால் அதே நான்கு பேர்தான் தூக்குகிறார்கள், அதில் ஒருவர் மனோகரன். அமலநாதன் பொந்தியானுக்குப் போகவில்லை.